கேக் யார் வாங்குவது?

"மறுபடியும் பால் திரிஞ்சிருக்கு!" கோப்பையோடு காபியைத் தொட்டியில் கவிழ்த்தார் ஹெனிங். "யாருப்பா அந்தக் குளிர்பெட்டிய ஒழுங்கா மூடாம விட்டது?"

டென்மார்க் பண்ணைகளுக்கெல்லாம் பால் குளிர்பெட்டி விற்கும் கம்பெனி அது. ஆபீஸ் காபிப் பாலும் அதே பெட்டியில்தான்.

அந்த நேரம் பார்த்துச் சுவர்த் திரையில் சிவப்பு எரிந்தது. பால் சூடேறினால் பெட்டியின் மென்பொருள் எச்சரிக்கிறதா என்று பார்க்கும் சோதனை, ஹெனிங் தன் திருக்கரத்தால் எழுதியது, மூணு வருஷம் பச்சையாகவே இருந்துவிட்டு இன்றைக்குத் தோற்றுவிட்டது.

"எவர் கைவண்ணம்?"

"என்னுதுதான்," என்றாள் மைகென். வேலைக்கு வந்து மூன்று மாதம். நிரந்தரமா, வீட்டுக்கா என்று இன்று மாலை நாலு மணிக்கு ஹெனிங் சொல்வார். "ஒரு பழைய நிரல எடுத்துட்டு அதோட புதுப் பதிப்பப் போட்டேன். வேற எதையும் தொடல."

"அடடா, மேதை! நல்லா இருந்த என் எச்சரிக்கையைக் கொன்னுட்டியேம்மா. மூணு வருஷத்துல ஒரு பண்ணைக்காரராவது, 'உங்க பெட்டி சும்மா கத்துது'ன்னு போன் பண்ணிருப்பாரா?"

"கேக்! கேக்!" என்று மேசைகள் அதிர்ந்தன. சொதப்பியவர்தான் எல்லாருக்கும் கேக் வாங்க வேண்டும். நாட்டுச் சட்டத்தைக்கூட அங்கே இவ்வளவு பயபக்தியோடு யாரும் மதிப்பதில்லை.

"எனக்குத் தேங்காய் போட்டது," என்றார் ஹெனிங். "மீதிய நாலு மணிக்குப் பேசலாம்."

வேலை போச்சு என்று நினைத்தாள் மைகென். கண்ணைத் துடைத்துக்கொண்டு சோதனையை வரிவரியாகப் படித்தாள். பத்தாவது நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஹெனிங், உங்க சோதனை ஏதாவது ஒரு எச்சரிக்கை வருதான்னுதான் பாக்குது. எதப் பத்தினதுன்னு பாக்கல."

"எதுக்குப் பாக்கணும்? தினம் தவறாம வந்துச்சே!"

"வந்துச்சு. 'இந்த நிரல் பழசாயிடுச்சு, மாத்துங்க'ன்னு வந்துச்சு. நான் மாத்தினேன், நின்னுடுச்சு."

ஹெனிங்கின் பார்வை மெல்லத் தொட்டிப் பக்கம் போனது. "அப்ப... பாலுக்கு?"

"அதுக்கு ஒரு நாளும் வந்ததில்ல. நாலு மணிக்குத் தேங்காய் கேக்கோட வாங்க."