சின்ன ர

வேனைப் பார்த்ததுமே சூசன் டீச்சருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கிள்ளானில் பிள்ளைகளின் காதைத் திருகியே தமிழ் இலக்கணம் ஏற்றி ஓய்வு பெற்றவர். எழுத்துப் பிழை என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

"அக்கரை முதியோர் இல்லம், ரவாங்" என்று வேன் கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது.

"லோகன், மாசக்கணக்கா சொல்றேன்ல? பரிவு காட்டுற அக்கறைக்குப் பெரிய ற. சின்ன ர போட்டா ஆத்துக்கு அந்தப் பக்கம்னு அர்த்தம். அசிங்கமா இருக்குப்பா!"

"ஸ்டிக்கர் கடைக்காரன் பண்ண வேலை லா, டீச்சர். அடுத்த வாரம் மாத்திடுறேன்" என்று வேன்காரன் லோகன் குழைந்தான்.

முதியோருக்காகச் சேர்த்த பாக்கெட் எண்ணெய் அடுக்குமாடிப் படிக்கட்டடியில் குவிந்திருந்தது. மானிய விலை எண்ணெய். ஆளுக்கு இத்தனைதான் என்று கடையில் அளந்து கொடுப்பது. டீச்சர்தான் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் சிவப்பு மார்க்கரில் 'அன்புடன்' என்று தம் கையாலேயே எழுதியும் வைத்தார்.

"அரிசியும் மாவும்கூட இருக்குப்பா."

"அதெல்லாம் வேணாம், டீச்சர். எண்ணெய் மட்டும் போதும்."

ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நல்லம்மாள் முன்னால் வந்தாள். கீழே வடை சுட்டு விற்பவள். "டீச்சர், இந்த வாரமாவது என் பங்க விட்டுருங்க. விலை கூடுன பாட்டில் எண்ணெய் வாங்கிச் சுட்டா கட்டுப்படியாகல. கடைய மூட வேண்டியதுதான்."

"வயசானவங்க வாயிலேர்ந்து புடுங்கி வடை சுடணுமா? வெக்கமா இல்ல?" டீச்சர் முகம் சுளித்தார்.

நல்லம்மாள் போய்த் தன் பாக்கெட்டுகளையும் கொண்டுவந்து வைத்தாள். அந்த மாதமே வடைக்கடை மூடியது.

மலிவாகத் துணி வாங்கிவந்து பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்றாவது பிழைக்கலாம் என்று, அவள் தாய்லாந்து எல்லையில் இருக்கும் கோலோக் சந்தைக்குப் பஸ் ஏறினாள். மறுநாள் அங்கிருந்து டீச்சருக்கு வீடியோ கால் வந்தது.

"டீச்சர், எல்லை ஆத்தத் தாண்டி வந்துட்டேன். இதக் கொஞ்சம் பாருங்க."

ஒரு கடை வாசலில் மலேசியப் பாக்கெட் எண்ணெய் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. சனம் முண்டியடித்து வாங்கிக்கொண்டிருந்தது. நல்லம்மாள் ஒன்றை எடுத்து ஃபோனுக்குப் பக்கத்தில் காட்டினாள். சிவப்பு மார்க்கரில் 'அன்புடன்'.

லோகன் குழைந்து சிரித்த சிரிப்பை நினைத்தபோது டீச்சருக்கு நிஜமாகவே வாந்தி வரும்போல் இருந்தது.

"தூ! இதெல்லாம் ஒரு பொழப்பா..." என்றார்.

நல்லம்மாள் நிதானமாகச் சொன்னாள்:

"வேன்ல போட்டிருந்த சின்ன ர சரிதான், டீச்சர்."