வலது பக்க மெடல்

"அப்பா, கழட்டுங்க அதை! இடது பக்கம் குத்துங்க!"

மகள் போட்ட சத்தத்தில், வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். நமக்கெதற்கு வம்பு என்று மறுபடி துடைக்கப் போய்விட்டார்.

மேயர் கண்ணாடி முன்னால் நின்று கோட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். வலது மார்பில் மெடல். போரில் இறந்தவர்களுக்கு இன்று அஞ்சலி. வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அதை வெளியே எடுப்பார்.

சண்டையில் மெடல் வாங்கிய பட்டாளத்துக்காரர் என்றுதான் போன தேர்தலில் ஊர் அவரை மேயராக்கியது. இப்போது அதே மெடல் அவர் தலையில் கல்லைப் போட்டுக்கொண்டிருந்தது. எதிர்த்து நிற்கிறவர் போன வருஷத்து அஞ்சலி போட்டோவைப் பெரிய பேனராக அடித்து, "மெடலை எந்தப் பக்கம் குத்தறதுன்னுகூடத் தெரியாத மாவீரரைப் பாருங்க!" என்று தெருத் தெருவாகக் கத்திக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஓட்டுப்பதிவு.

"டூப்ளிகேட் மேயர்ங்கறாங்கப்பா உங்களை! நான் வீடு வீடா போய் நிக்கறேன். கதவைத் திறக்கறவங்க மூஞ்சிக்கு நேரா சிரிக்கறாங்க. இதைக் கேக்கத்தான் வேலையை விட்டுட்டு நாயா அலையறேனா?"

"சிரிக்கறவங்க சிரிக்கட்டும்."

"இன்னிக்கு அத்தனை கேமராவும் வரும். இடது பக்கம் ஒரே ஒரு போட்டோ. அவங்க வாய் அடைஞ்சிடும். இதுல என்னப்பா பிடிவாதம்?"

அவளே கழட்டக் கையை நீட்டினாள். அவர் கையைப் பிடித்துத் தள்ளினார்.

"உங்ககூட பட்டாளத்துல இருந்தவங்களைக் கேட்டா, 'அப்பாவையே கேளும்மா'ன்னு நழுவறாங்க. நீங்களும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க. நான் என்னதான் நினைக்கறது?"

அவர் கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நிஜமாவே நீங்க வாங்கின மெடல்தானா அது?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லை" என்றார் மேயர்.

பீரோவைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து அவள் கையில் திணித்தார். உள்ளே அதே மாதிரி இன்னொரு மெடல்.

"அதுதான் என்னோடது. இது என்கூடச் சண்டை போட்டவனோடது. ஒரே நாள், ஒரே இடம். நான் திரும்பி வந்தேன், அவன் வரல. செத்தவன் மெடலை அவனோட சொந்தக்காரங்க போட்டுக்கலாம். ஆனா வலது பக்கம்தான் குத்தணும். அது பட்டாளத்து முறை. அவன் அநாதை விடுதியில வளர்ந்தவன். அண்ணன்னு அவன் கூப்பிட்டது என்னை மட்டும்தான்."

"அப்ப உங்களோடதையும் சேர்த்துக் குத்திக்கலாமே!"

"குத்தினா எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க. ஒரு நாளாவது அவனைப் பார்க்கட்டும்."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அடுத்த நொடியே போன கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"இதைப் போய் ஏம்ப்பா மறைச்சீங்க? மேடையில ஏறி ஒரே ஒரு தடவை சொன்னா போதுமே! கேக்கறவன் அழுதுடுவான். மொத்த ஓட்டும் நமக்குத்தான்!"

மேயர் அப்போதுதான் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

"அதனாலதான் சொல்லல!"