இருபத்து நாலாவது கவர்

“சோப்பை ரெண்டா வெட்டி வச்சது எதுக்கு? ஒரு துண்டு கரைஞ்சப்புறம் அடுத்த துண்டை எடுக்கறதுக்கு. ஐயா ரெண்டையும் ஒண்ணா ஊறப் போட்டிருக்கீங்க! ஐஸ் கம்பெனி நடத்தின கையாச்சே, எதைத் தொட்டாலும் கரையத்தானே செய்யும்!”

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினாள் மனைவி. குளியலறை வாசலில் ஈரக் கையோடு நின்றான் கணவன். ஊரெல்லாம் போய்ப் பம்பு ரிப்பேர் பார்க்கிறவனுக்கு வீட்டில் பதில் சொல்லும் பழக்கம் விட்டுப்போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நண்பனை நம்பி அவன் ஐஸ் கம்பெனி ஆரம்பித்தான். பாங்கில் கடன் வாங்கினான். போதாததற்கு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய வளையல்களையும் விற்றான். நண்பன் ஓடிவிட்டான், கம்பெனியை மூடினார்கள். அன்றைக்கே அவள் சூட்கேஸை எடுத்துத் துணிகளை அடுக்கிவிட்டாள்.

“இப்பவே எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன். கடனை விட்டுட்டு ஓடி வந்தவள்னு அண்ணி வாயில விழ எனக்கு இஷ்டமில்ல. கடைசிக் காசைக் கட்டின மறுநாள் கிளம்பிடுவேன். ஞாபகம் இருக்கட்டும்!”

அவன் மறந்தாலும் அவள் மறக்க விடவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, அவன் சம்பளமும் அவள் தையல் கூலியும் மேஜைக்கு வரும். பழைய காலண்டர் தாளை மடித்து, பசை தடவி, அவளே கவர் செய்வாள். வாடகை, மளிகை, பால், கரண்டு என்று வரிசையாக எழுதி, கடைசிக் கவரில் ‘கடன்’ என்று எழுதுவாள். அதுதான் எல்லாவற்றிலும் கொழுத்த கவர். அதற்காக ஹாலில் விளக்கு எரிந்தால் அடுப்படி இருட்டாக இருந்தது. பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழித்தார்கள்.

நாலே வருஷத்தில் பாங்குக் கடன் தீர்ந்தது. அப்போதுதான் அவன் தலையைச் சொறிந்துகொண்டு, இரும்புக் கடைக்காரரிடமும் ஒரு தொகை வாங்கியிருப்பதாகச் சொன்னான்.

“தோண்டத் தோண்ட வருதே! நீங்க மனுஷனா, சுரங்கமா?” என்று கேட்டுவிட்டு, மறுபடியும் காலண்டர் தாளை மடிக்க உட்கார்ந்தாள். இருபத்து நாலு மாதத் தவணை. அதில் கடைசிக் கவர் இன்றைக்கு.

“இதை நானே போய்க் குடுத்துட்டு வரேன்” என்று எழுந்தாள்.

அவன் முகம் வெளுத்தது. “உனக்கு எதுக்கும்மா அலைச்சல்? நான் வேலைக்குப் போற வழிதானே.”

“உங்களை அனுப்பினா வழியில இன்னும் ரெண்டு கடனைப் பிடிச்சுட்டு வருவீங்க. கணக்கு முடிஞ்சுதுன்னு எழுதி வாங்கணும். அதுக்கெல்லாம் விவரம் வேணும்.”

கட்டிலடியிலிருந்து சூட்கேஸை இழுத்து ஹாலில் நிறுத்தினாள். அதன் சக்கரம் ஒன்று உடைந்திருந்தது.

“நான் வரதுக்குள்ள இதைச் சரி பண்ணி வைங்க. நாளைக்குக் காலையில இழுத்துட்டுப் போகணும். ஊரு பம்பெல்லாம் ஓட வைக்கிறீங்கல்ல, இதுவும் ஓடட்டும்.”

இரும்புக் கடைக்காரர் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அவள் கவரைக் கல்லாவின் மேல் வைத்தாள்.

“இதோட முடிஞ்சுதுங்க. கடன் தீர்ந்ததுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க.”

“எந்தக் கடன்?”

“எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட வாங்கினது.”

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “என்கிட்டயா? உங்க வீட்டுக்காரர் ஒரு ஆணிகூடக் கடனா வாங்கினதில்லையேம்மா!”

கீழ் டிராயரை இழுத்தார். உள்ளே அவள் செய்த காலண்டர் கவர்கள், அவள் தடவிய பசை பிரியாமல், ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

“மாசாமாசம் குடுத்து வச்சிட்டுப் போவாரு. நீங்க என்னைக்காவது வந்து கேட்டா மொத்தமாக் குடுத்துடணும்னாரு. வீட்டுலயே வைக்கலாமேன்னு கேட்டேன். ‘கடன் தீர்ந்தா வீடு காலியாயிடுங்க’ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல.”

ஒரு கவரை எடுத்துத் திருப்பினாள். முன்பக்கம் அவள் கையெழுத்தில் ‘கடன்’. பின்பக்கம் அவன் கோணல் எழுத்தில், பென்சிலால், ‘வளையல்’. அடுத்ததைத் திருப்பினாள். அதிலும் ‘வளையல்’.

விடாமல் எண்ணினாள். இருபத்து மூன்று. “ஒரு பொய்யைக்கூட இந்த மனுஷனுக்குச் சிக்கனமாச் சொல்லத் தெரியல” என்று முணுமுணுத்துவிட்டு, கொண்டு வந்த கவரை அவற்றின் மேல் வைத்து டிராயரைத் தள்ளி மூடினாள்.

வீட்டில் அவன் ஸ்க்ரூட்ரைவரும் கையுமாக ஹாலில் உட்கார்ந்திருந்தான். சூட்கேஸுக்குப் புதுச் சக்கரம் வந்திருந்தது. அவளை நிமிர்ந்து பார்க்கப் பயந்து, சக்கரத்தையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

“முடிஞ்சுதாம்மா?”

அவள் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். சூட்கேஸ் சத்தமில்லாமல் உருண்டு கட்டிலடியில் போய் ஒளிந்துகொண்டது.

“எங்க முடியறது? அசலை மட்டும் கட்டிட்டு வட்டியை மறந்திருக்கீங்க! கடன் குடுத்த ஆள் லேசுப்பட்ட ஆள் இல்ல, இன்னும் இருபது வருஷமாவது இழுக்கும்... போய், அந்தக் காலண்டர் தாளை எடுத்துட்டு வாங்க.”