வளையாத கழுத்து

மார்ச் பதினான்கு, காலை பத்து நாற்பது, விட்டுவிட்டுத் தூறல். ஓட்டுநர் தேர்வு ஆய்வாளர் அலுவலகக் காரின் முன்னிருக்கையில் அமர்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்பெல்ட் பாதுகாப்புக்கான தலைமைப் பயிற்றுநர் பதவிக்கு அவரையும் சேர்த்து நான்கு கிளைகளிலிருந்து நான்கு ஆய்வாளர்கள் போட்டி. தலைமையகத்தின் கையொப்பமிட்ட முடிவு இன்று வந்தாக வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் கண் வைத்திருந்த நாற்காலி அது.

அதற்குள் இன்னொரு தொல்லை. அன்று ஓட்டுநர் தேர்வுக்கு வருவோரின் தட்டச்சிட்ட பட்டியலில் பதினொரு பேர் முடிந்தும், பன்னிரண்டாவதாக ஒரு பெயர் பேனாவால் சேர்க்கப்பட்டிருந்தது.

அந்தப் பன்னிரண்டாமவர், நாற்பது வயதுப் பெண்மணி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தும் வண்டியைக் கிளப்பவில்லை. பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றிலிருந்து இறக்கி இடுப்பெலும்பில் படியவைத்தார். மேல்பட்டையைத் தோளின் நடுவே முறுக்கின்றி ஓடவிட்டார். பிறகு திரும்பி, இருக்கையின் தலைதாங்கியை அதன் மேல்விளிம்பு உச்சந்தலைக்கு நேராக வரும்வரை உயர்த்தினார்.

“ஏம்மா, வண்டி ஓட்ட வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?”

“ஓட்டத்தான் சார். நீங்க பெல்ட் போடலையே?”

ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து பட்டையில்லாத வெறும் கொக்கி ஒன்றை எடுத்து, பெல்ட் மாட்டும் பூட்டில் செருகினார். எச்சரிக்கை மணி அடங்கியது.

“பாருங்க, வண்டியே ஒத்துக்கிச்சு. உங்களுக்கென்ன?”

“ஹெட்ரெஸ்ட் வேற உங்க தோள் மட்டத்துல கெடக்கு. பின்னாலேருந்து எவனாவது மோதினா கழுத்து என்னாகும்?”

“என் கழுத்து இதுவரைக்கும் யாருக்கும் வளைஞ்சதில்லம்மா. எடுங்க வண்டிய!”

“நீங்க பெல்ட் போடாம எடுக்க மாட்டேன்.”

“அப்ப ஃபெயில்!” அவர் படிவத்தை மடியில் வைத்துப் பேனா மூடியைத் திறந்தார்.

பெண்மணி தம் அடையாள அட்டையை எடுத்து அந்தப் படிவத்தின்மேல் வைத்தார். தலைமையகம், பயிற்றுநர் தேர்வுக் குழுத் தலைவர்.

ஆய்வாளர் கொக்கியைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தார். பெல்ட்டை இழுத்து அக்குளுக்கடியில் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

“தோளுக்கு மேல சார்.”

“மேடம்... அது வந்து... இன்னிக்கு ஒரு நாள்தான்...”

பெண்மணி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நிதானமாகக் கையொப்பமிட்டு நீட்டினார்.

ஆய்வாளர் ஒற்றைக் கண்ணால் படித்தார். பிறகு இரண்டு கண்ணாலும் படித்தார். தலைமைப் பயிற்றுநராக அவரே நியமிக்கப்பட்டிருந்தார்.

“மேடம்... எனக்கா?”

பெண்மணி பெருமூச்சு விட்டார்.

“மத்த மூணு பேர் வண்டியில பெல்ட்டே இல்ல சார்.”