கட் பண்ணினால் சரி

"ஏனுங்க, கேக்குதுங்களா? டாக்டர் பென்சிலின் ஊசி போடறேங்கறாரு. போடச் சொல்லட்டுங்களா?"

கேட்டது. ஆஸ்பத்திரியில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவதுகூடக் கேட்டது.

"வேண்டாம்! அவனுக்கு அது ஆகாது!" என்று அன்னூருக்கு அப்பால், தன் சோளக்காட்டில் நின்று சுந்தரராஜுலு கத்தினார். வேலியோரம் மேய்ந்த ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன. கோயம்புத்தூரில் அவர் மனைவி வெங்கடம்மாள் காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை. ஹலோ, ஹலோ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுந்தரராஜுலுவின் தம்பி சென்னகிருஷ்ணன் மொபெட்டிலிருந்து விழுந்து நினைவில்லாமல் கிடக்கிறான். காலேஜ் ஹாஸ்டலில் இதே ஊசி போட்டு, முகம் வீங்கி மூச்சடைத்து, ஏதோ சாமி புண்ணியத்தில் பிழைத்தவன். அது தெரிந்த ஒரே ஆள் அண்ணன்தான்.

செல்போன் விற்ற மெஹராஜ் அன்றே படித்துப் படித்துச் சொன்னார்: "பாக்கெட்ல வெக்கறது ரெண்டு வாட்டுங்க, கார்ல மாட்டறது எட்டு வாட்டு. டவர் பேசறது ரெண்டுக்குமே கேக்கும். நீங்க பேசறது டவருக்குக் கேக்கோணுமில்லீங்க?"

சுந்தரராஜுலு இரண்டையும் வாங்கினார். மாச வாடகையை மிச்சம் பிடிக்க, சிம் கார்டு மட்டும் ஒன்று. இதிலும் அதிலும் மாற்றி மாற்றிச் செருகிக்கொள்வார்.

அந்த எட்டு வாட் இதோ, பக்கத்தில் நிற்கும் அம்பாசடருக்குள் இருக்கிறது. ஆனால் கார்டை உருவினால் லைன் கட்டாகிவிடும்.

அங்கேதான் வந்தது வினை. அப்போதெல்லாம் உள்ளே வரும் போனுக்கும் நிமிஷக் கணக்கில் காசு. அதனால் அவர் போனில் வாயைத் திறந்து சரி என்று சொன்னதே இல்லை. வேண்டாம் என்றால் பேசுவார். சரி என்றால் கட் பண்ணிவிடுவார். மகளுக்கு மாப்பிள்ளை முடிவானதுகூட ஒரு கட்தான். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

இப்படியே நின்றாலும் ரெண்டு வாட் எந்த நேரமும் தானாகவே அறுந்துபோகும். அதுவும் அவளுக்குச் சரிதான்.

போனில் தெரிந்த ஆஸ்பத்திரி நம்பரை முணுமுணுத்துக்கொண்டே கார்டை உருவினார்.

அவசரத்தில் கார் போனுக்குள் கார்டு தலைகீழாகப் போனது. திருப்பிச் செருகினார். டவர் கிடைத்தது. நம்பரை அழுத்தினார்.

எங்கேஜ்டு.

மறுபடியும் எங்கேஜ்டு. இந்நேரம் மருந்தை ஊசியில் ஏற்றியிருப்பார்கள். அட ஆண்டவா, இந்த நேரத்தில் எவன் அங்கே போனைப் பிடித்துத் தொங்குகிறான்?

மறுபடி அழுத்தப் போன விரல் நின்றது. ஒருவேளை, அவள் எனக்குத்தான் அடிக்கிறாளோ?

ரிசீவரை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சும்மா இருப்பது இவ்வளவு கொடுமை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மணி அடித்தது.

"ஏனுங்க, நீங்க கட் பண்ணது தெரியுதுங்க. ஆனா இதுக்கு அந்தச் சரி எனக்குப் பத்தாதுங்க. வாயத் தொறந்து சொல்லுங்க."

"வேண்டாம்!"

இந்த முறை அவளுக்குக் கேட்டுவிட்டது. போனை மேஜைமேல் போட்டுவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே அவள் ஓடுவது அவருக்கும் கேட்டது.

அதன் பிறகு வெறும் ஆஸ்பத்திரிச் சத்தம்தான். காசு ஓடிக்கொண்டிருந்தது. சுந்தரராஜுலு கட் பண்ணவில்லை.