ஏழாவது கோப்பை

பேராசிரியை அங்கயற்கண்ணி இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்திய தத்துவத் துறைக்குப் பாடை கட்டத்தான் அன்று பல்கலைக்கழக ஆட்சிக்குழு கூடியிருந்தது. ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரே உறுப்பினர் அவர். வாசலில் நீட்டிய வருகைப் பதிவேட்டில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். பேச விட்டார்கள். தொண்டை வறளப் பேசினார். துணைவேந்தர் முந்திரிப் பருப்பைக் கொறித்தபடியே கேட்டார்.

"பேசியாச்சாம்மா? சரி, துறையை மூடிடலாம்னு தீர்மானம் எழுதிக்குங்க."

அப்போதுதான் அங்கயற்கண்ணி எண்ணிப் பார்த்தார். தன்னையும் சேர்த்து ஏழே பேர். ஏழில் ஒன்று குறைந்தாலும் கூட்டம் செல்லாது. ஆக, இவ்வளவு நேரம் இந்தக் கூட்டத்துக்கு முட்டுக் கொடுத்து நின்றதே அவர்தான்! சட்டென்று கைப்பையோடு எழுந்தார்.

"நான் வெளிநடப்பு செய்யறேன். ஆறு பேரை வச்சு எப்படித் தீர்மானம் போடறீங்கன்னு பார்க்கறேன்."

பதிவாளர் சபாபதி பதறவில்லை. பதிவேட்டை விரல் நுனியால் தட்டினார்.

"தாராளமா போய்ட்டு வாங்க மேடம். உங்க கையெழுத்து இங்கதானே இருக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெளியே வந்தவர் கதவுக் கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தார். அவருடைய காலி நாற்காலிக்கு முன்னால் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார்கள். பியூன் அந்தோணி ஆறு பேருக்கும் டீ கொடுத்துவிட்டு, ஏழாவது கோப்பையைக் குனிந்து அந்தக் கையெழுத்தின் முன் வைத்தார்.

"மேடத்துக்குச் சர்க்கரை இல்லாம" என்று அவர் பணிவாகச் சொன்னது வெளியே வரை கேட்டது.