ஞாயிற்றுக்கிழமை லீவு

"பென்னி, லீவு நோட்டுல உம் பேர அடிச்சிட்டு என் பேர எழுதிக்கட்டா?"

டீ கிளாஸை வாயருகே கொண்டுபோன பென்னி அப்படியே நிறுத்தினான். "எந்த நாளு?"

"வர்ற ஞாயித்துக்கிழமை."

"முடியாது" என்றான் பென்னி. அதோடு டீயை உறிஞ்சத் தொடங்கிவிட்டான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் பக்கெட் செய்யும் கம்பெனி அது. மெஷினில் அச்சு மாற்றத் தெரிந்தவர்கள் அருண்பாண்டியனும் பென்னியும் மட்டும்தான். ஒருவர் லீவு என்றால் மற்றவர் வந்தே ஆக வேண்டும். நோட்டில் யார் முதலில் பேர் எழுதுகிறாரோ அவருக்குத்தான் லீவு. இதில் மேனேஜர்கூடத் தலையிட மாட்டார்.

"எனக்குப் பரீட்சப்பா. மழையால தள்ளிவெச்ச பேப்பர ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டாங்க. நேத்து ராத்திரிதான் மெசேஜ் வந்துச்சி. காலீல மொத வேலயா நோட்டத் தொறக்கறேன், எனக்கு முன்னாடி உம் பேரு குந்திக்கினு கீது."

அருண்பாண்டியன் தொலைதூரக் கல்வியில் கணிதமும் பொருளியலும் சேர்ந்த பட்டப்படிப்பு படிப்பது கம்பெனிக்கே தெரியும். ஷிப்டு மொத்தமும் அவனை 'வாத்தியாரே' என்று கூப்பிட்டுக் கலாய்க்கும். பென்னி இன்னும் ஒரு படி மேலே போவான். "வாத்தியாரே, பஜ்ஜி வெல ஏறுனா அந்தக் கோடு இன்னாவும்னு சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு" என்று டீ நேரத்தில் வம்புக்கு இழுப்பான். அருண்பாண்டியனும் சளைக்காமல் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு விளக்குவான். எல்லாம் கேட்டுவிட்டு, "ஒண்ணும் புரியல நைனா, மொதல்லேர்ந்து சொல்லு" என்பான் பென்னி.

இன்று அந்த விளையாட்டுக்கெல்லாம் அருண்பாண்டியனுக்கு மனசில்லை. "லீவு போட்டு அப்டி இன்னாதான் பண்ணப் போற?"

பென்னி கொஞ்சம் யோசித்தான். "பழவேற்காடு போய் எறா வாங்கியாந்து, ஊட்ல எல்லாரும் ஒண்ணா குந்தித் துண்ணலாம்னு இருந்தேன்."

அருண்பாண்டியனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எறாவுக்காகவாடா எம் பொழப்புல மண்ணப் போடற?"

"ஏன், நீ அடுத்த தபா எழுதிக்கயேன். ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி பரீட்ச வருதுல்ல?"

"எனக்கு அடுத்த தபாவே இல்ல பென்னி. சேந்து ஆறு வருசம் ஆச்சி. இதோட என் பதிவு முடியுது. மத்த எல்லாப் பேப்பரும் பாஸ், இது ஒண்ணுதான் பாக்கி. இத எழுதலன்னா படிச்சது மொத்தமும் வீண்." ஆறு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் தூக்கத்தோடு மல்லுக்கட்டிப் படித்த படிப்பு.

பென்னி கிளாஸைக் கீழே வைத்தான். ஆபீஸ் அறைக்குப் போய் லீவு நோட்டை எடுத்து வந்தான். தன் பேரின் மேல் அழுத்தமாக ஒரு கோடு போட்டான்.

"எழுது."

"நெசமாவா? அப்ப எறா?"

"எறா எங்க போப்போது? ஏரியிலதான் கெடக்கும். அடுத்த தபா பாத்துக்கலாம்."

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து பஸ் ஏறும்போது, அருண்பாண்டியன் கையில் ஒரு கண்ணாடிப் பையைத் திணித்தான் பென்னி. உள்ளே இரண்டு புதுப் பேனா, பென்சில், ஸ்கேல், சின்னதாக ஒரு கால்குலேட்டர்.

"எம் பொண்ணுக்கு வாங்கனது. அவளுக்கு வேற வாங்கிக்கறேன். நீ ஒழுங்கா எழுதிட்டு வா."

"பாஸானா உனக்கு எறா பிரியாணி என் செலவு" என்றான் அருண்பாண்டியன். பென்னி சிரித்துக்கொண்டே கையசைத்தான்.

மறுநாள் திருவள்ளூரில், பரீட்சை நடந்த கல்லூரியில், கேள்வித்தாளைப் பார்த்ததுமே அருண்பாண்டியனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பஜ்ஜிக் கணக்கின் அண்ணன் தம்பிகளாக ஐந்து கேள்விகள். பென்னிக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியே எல்லாம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடாகியிருந்தது. புதுப் பேனாவும் தடங்கலில்லாமல் ஓடியது. இத்தனை வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக அவன் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

அரை மணி நேரம் கழித்து, வருகைத்தாளோடு ஒவ்வொரு மேஜையாக வந்த மேடம், அவனுக்குப் பின்னால் காலியாக இருந்த மேஜையைப் பார்த்தார். "இனிமே வந்தாலும் உள்ள விட முடியாது" என்று முணுமுணுத்தபடி, தாளில் அந்தப் பேருக்கு நேரே சிவப்பு மையால் 'ஆப்சென்ட்' என்று எழுதிவிட்டு, அவனிடம் நீட்டினார்.

அருண்பாண்டியன் தன் போட்டோவுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். அடுத்த வரியில், சிவப்பு மைக்குப் பக்கத்தில், கம்பெனிச் சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான் பென்னி.